பூனைக்கு எழுதிய மருந்து

மாட்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டருக்கு வேலை இரண்டு வகை: பிழைக்கிற உயிருக்கு மருந்து கொடுப்பது, பிழைக்காத உயிருக்கு மருந்து கொடுப்பது. முதல் வேலையில் கும்பிடு கிடைக்கும். இரண்டாவதில் ஏச்சு கிடைக்கும்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் உள்ள ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் நான் கம்பவுண்டர். ஆடு, மாடு, கோழி என்று இருந்த இடத்துக்கு இப்போது பூனைகளும் வருகின்றன. அதிலும் வயதான பூனைகள். சிறுநீரகம் கெட்டவை, வயிற்றில் கட்டி வந்தவை. அவற்றுக்கு எங்கள் டாக்டரம்மா எழுதுவது பெரும்பாலும் துணை மருந்துகள்தான். வாந்தியை நிறுத்த ஒன்று, பசியைத் தூண்ட ஒன்று, வலியைக் குறைக்க ஒன்று, உடம்பில் நீர் வற்றாமலிருக்க சலைன். இவற்றில் எதுவும் நோயை விரட்டாது. நோய் இருக்கிறவரை பூனையைப் பூனையாக வைத்திருக்கும், அவ்வளவுதான். எழுதுவது டாக்டர், எப்படிக் கொடுப்பது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பது நான். பூனையின் வாயைத் திறக்கப் போய் முழங்கை வரை கீறல் வாங்கியவர்களே, நீங்களும் என் கட்சிதான். படியுங்கள்.

எதற்கு மருந்து?

சுப்பையா அண்ணாச்சி விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரு காலையில் நார்க்கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கூடைக்குள் செவலை என்ற கிழட்டுப் பூனை. பெயருக்கேற்ற நிறம், தோலும் எலும்பும்தான் மிச்சம். அது அவர் மனைவி வளர்த்த பூனை. மனைவி போன வருடம் வயிற்றில் புற்றுநோய் வந்து இறந்துபோனார். இப்போது வீட்டில் இருப்பது அவரும் செவலையும் மட்டும்.

டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, குடலில் கட்டி என்றார். பெரிய வைத்தியம் சென்னையில் உண்டு. அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும் என்றார். அண்ணாச்சி டாக்டரைப் பார்க்காமல் கூடையைப் பார்த்துப் பேசினார். "அவளும் இப்படித்தாம்மா சாப்பிடாமக் கெடந்து போனா. இதுவும் எங்கண்ணு முன்னால பட்டினியாக் கெடந்து சாகக்கூடாது. அம்புட்டுதான் கேக்கேன்." அதற்கு மருந்து இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் நோய் தீராது என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதைச் சொல்லாமல் அவர் எந்தச் சீட்டும் எழுதுவதில்லை.

வெளியே வந்து, நான் மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கிக்கொண்டிருந்தேன். இது வாந்திக்கு, இது வலிக்கு, இது சோற்றுக்கு முன்னால். அண்ணாச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தீராதுங்கீய. தீராதுன்னு சொன்ன கையோடயே மருந்தையும் கொடுக்கீய. இது என்ன தொழில்வே?"

மீனுக்குள் மாத்திரை

பூனைக்கு மாத்திரை கொடுக்கும் முறையை நான் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் சொல்வேன். பழைய துண்டில் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி சுற்ற வேண்டும். தலையை லேசாக மேலே தூக்க வேண்டும். மாத்திரையை நாக்கின் பின்பக்கம் வைத்து வாயை மூடி, தொண்டையைத் தடவ வேண்டும். பிறகு பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையில் கொஞ்சம் தண்ணீர். சொல்வதற்கு ஒரு நிமிடம் ஆகாது. செய்வதற்கு வீட்டில் எல்லோரும் வேண்டும்.

மேலநீலிதநல்லூரிலிருந்து வந்த ஒரு விவசாயி இதைக் கேட்டுச் சிரித்தார். அவருடைய பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு. "காளைக்கே ஒத்த ஆளா மருந்து ஊத்துதவன் நான்" என்றார். அடுத்த வாரம் இரண்டு கையிலும் கட்டோடு வந்தார். துண்டில் சுற்றவில்லையாம், வறுத்த மீனுக்குள் மாத்திரையை ஒளித்துவைத்தாராம். பூனை மீனை அழகாகத் தின்றது. மிச்சத்தைப் பார்த்த பிறகுதான் கையால் ஊட்டப் போனார். கட்டு அதனால் வந்தது. பரிசோதனை மேசையில் பூனை ஒன்றும் அறியாததுபோல் உட்கார்ந்திருந்தது. அவர் அதைக் காட்டி என்னிடம் சொன்னார்:

"முள்ளை ஒதுக்கி ஒரு பக்கம் வச்சிருந்துச்சு. மாத்திரையை ஒதுக்கி இன்னொரு பக்கம் வச்சிருந்துச்சு. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் இந்த ஒழுங்கு கெடையாது சார்."

கவலை மாத்திரை

பூனைக்குப் பசி எடுக்க எழுதும் மாத்திரை எங்களிடம் இருப்பில் இருப்பதில்லை. அது மனிதர்களுக்கான மாத்திரை. வெளியே மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டும். மனச்சோர்வுக்கு மனிதர்களுக்குக் கொடுப்பார்கள். அதிலே ஒரு சின்னத் துண்டைப் பூனைக்குக் கொடுத்தால் குமட்டல் அடங்கும், பசி எடுக்கும். இந்த விவரத்தைச் சுப்பையா அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம் என்று நினைத்து விட்டுவிட்டேன். கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி அட்டையைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தார். கடையில் நாலு பேருக்கு முன்னால், "யாருக்கு மாத்திரை, வயசு என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். "செவலைக்கு, பதிமூணு வயசு" என்று இவர் சொல்ல, பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் கொடுக்கலாமா என்று கடைக்காரர் சத்தம் போட, பூனை என்று தெரிந்ததும் எல்லோரும் சிரிக்க, கடைசியில் எப்படியோ மாத்திரை கைக்கு வந்திருக்கிறது. சிரித்தவர்கள்மேல் அவருக்குக் கோபமில்லை. அவருடைய சந்தேகம் வேறு:

"மனக்கவலைக்குக் கொடுக்கிற மாத்திரைன்னு சொல்லுதாரு. கவலையெல்லாம் எனக்குல்லா இருக்கு. இதுக்கு என்ன கவலை, தறியா ஓட்டுது?"

மறுநாள் காலை, தறிக்குப் போகிற வழியில் வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை:

"தின்னுட்டுது."

கன்றுக்குட்டி உரு

எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பாம்பு, தேள், கை, கால் என்று தகட்டில் செய்த உருக்களைக் காணிக்கையாகப் போடுவது வழக்கம். எது உங்களைப் படுத்துகிறதோ அதன் உருவை வாங்கி உண்டியலில் போட வேண்டும். பூச்சந்தையில் கட்டிய பூ விற்கிற மாரியம்மாள் தன் பூனைக்காகப் போய்க் கேட்டிருக்கிறாள். அதற்கு மார்பில் கட்டி. அது நுரையீரல் வரை பரவிவிட்டது. மூச்சு இளைப்பதைக் குறைக்கவும் வலி தெரியாமலிருக்கவும் எங்களிடம் மருந்து வாங்கிக்கொண்டிருந்தாள். மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், சாமிக்கும் சொல்லிவைப்போம் என்று நினைத்தாள்.

உருக்கடையில் பூனை இல்லை. யாரும் கேட்டதே இல்லையாம். கடைக்காரர் ஒரு கன்றுக்குட்டி உருவை எடுத்துக் கொடுத்து, நாலு கால், ஒரு வால், சாமிக்குப் புரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதைப் போட்டதிலிருந்து மாரியம்மாளுக்கு உறுத்தல். எதிர்வீட்டில் ஒரு கன்றுக்குட்டி கழிச்சலோடு கிடந்தது. சாமி கணக்கை மாற்றி எடுத்துக்கொண்டு அதைக் குணமாக்கிவிடுமோ என்று என்னிடம் கேட்டாள். அதெல்லாம் இருக்காது என்று சொன்னேன். சில நாள் கழித்துக் கடைவீதியில் பார்த்தபோது, பூனை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பூவைக் கட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"எதுத்த வீட்டுக் கன்னுக்குட்டி நல்லாத்தான் நிக்குது."

கடல் தாண்டி வந்த தீனி

கடையநல்லூரிலிருந்து ஒரு பெண் வாடகைக் காரில் வருவார். புசுபுசுவென்று முடி வைத்த வெள்ளைப் பூனை. கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். போன முறை ஊருக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. பூனைக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. கணவர் அங்கே விசாரித்து, சிறுநீரக நோய்ப் பூனைக்கென்றே விற்கும் தீனியைப் பொட்டலம் பொட்டலமாக, ஊருக்கு வருகிறவர்கள் பெட்டியில் கொடுத்தனுப்பினார். அதன்மேல் அச்சடித்த பூனை நல்ல கொழுகொழுவென்று இருந்தது. வீட்டுப் பூனை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, கழிவை மண் தள்ளி மூடுவதுபோல் தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்விட்டது.

அது கேட்டது பிரியாணிக் கறி. டாக்டரம்மா யோசித்தார். மசாலாவைக் கழுவி, எலும்பை நீக்கிக் கொடுங்கள், இந்த நிலைமையில் பட்டினிக்கு அது மேல் என்றார். அந்தப் பெண் தலையாட்டினார். ஆனால் தினமும் வீடியோவில் கணவர் கேட்பாராம்: நான் அனுப்பினதைச் சாப்பிட்டதா? சாப்பிட்டது என்றே இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்றேன். அந்தப் பெண் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"அவுகளும் அங்கன இதே மாதிரிதான்ணே. எல்லாம் இருக்கு, ஒண்ணும் தொண்டையில எறங்கலைங்காக. இதையும் சொன்னா இருக்கிற ரெண்டு வாயும் எறங்காது."

சின்னப் பிள்ளை மருந்து

இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதுவதுதான் சரி.

குருவிகுளம் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம். வரப்பில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வளர்த்த பூனை, அதற்கு வாயில் புற்று. டாக்டரம்மா எழுதிய வலி மருந்தில் நன்றாகத்தான் இருந்தது. வெயிலில் படுத்தது, கோழியை விரட்டியது. ஒருநாள் உடம்பு கொஞ்சம் சுட்டிருக்கிறது. வீட்டுக்கார அம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. வீட்டில் குழந்தைக்கு வாங்கிவைத்த காய்ச்சல் மருந்து இருந்தது. பாராசிட்டமால் என்று எல்லா வீட்டிலும் இருக்குமே, அதுதான். குழந்தைக்குக் கொடுக்கும் அளவில் பாதிதான் கொடுத்தார். கவனமாகத்தான் கொடுத்தார்.

பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறித்து வெளியேற்றத் தெரியாது. உள்ளே போனது இரத்தத்தைக் கெடுக்கும். மறுநாள் தூக்கிக்கொண்டு வந்தபோது முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. உடனே வந்திருந்தால் முறிமருந்து கொடுத்திருக்கலாம். எங்கள் மேசையிலேயே அடங்கிப்போனது. கட்டியால் சாக வேண்டிய பூனை, காய்ச்சல் மருந்தால் செத்தது. பூனை வைத்திருப்பவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம்: அந்த மருந்தில் ஒரு சொட்டும் கூடாது. அந்த அம்மா அழவில்லை. புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"எம்பிள்ளைக்குக் கொடுத்தா எந்திரிச்சு விளையாடுமே சார்?"

தறிச் சட்டத்தில் சலைன்

செவலைக்கு வாந்தி நின்றது, பசி வந்தது. ஆனால் தண்ணீர் மட்டும் போதுமான அளவு குடிக்கவில்லை. தோலுக்கு அடியில் சலைன் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். இது பயப்படும்படியான காரியம் இல்லை. பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி, ஊசியைச் செருகி, பாட்டிலை உயரத்தில் மாட்டினால் போதும். தோலுக்குக் கீழே ஒரு சின்ன மேடு வரும். கொஞ்ச நேரத்தில் உடம்பு அதை இழுத்துக்கொள்ளும். சுப்பையா அண்ணாச்சி ஒரே நாளில் கற்றுக்கொண்டார். அறுந்த இழையை ஓடுகிற தறியில் முடிச்சுப் போடுகிற விரல்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

வீட்டில் தனியாக விட்டுவர மனமில்லாமல் கூடையோடு தறிக்கூடத்துக்கே கொண்டுபோனார். தறிச் சட்டத்தில் பாட்டிலைத் தொங்கவிட்டு, மதிய உணவு நேரத்தில் ஏற்றுவார். அந்த இரைச்சலில் மனிதர்கள் கத்தித்தான் பேச வேண்டும், செவலை தூங்கும். தறிக்கூடத்தில் எலிக்கு வைத்திருந்த பூனைக்குப் பிறந்து, பிறகு அவர் மனைவி கைக்குப் போன பூனை அது. சலைன் சரியாக இறங்குகிறதா என்று பார்க்க ஒருநாள் நான் போயிருந்தேன். அடுத்த தறியில் நின்ற அருணாசலம் என்பவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பாட்டிலையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"வே சுப்பையா, அடுத்த பிறவியில நான் ஒம்ம வீட்டுல பூனையாப் பொறக்கேன். முன்பதிவு செஞ்சு வையும்வே."

சுப்பையா அண்ணாச்சி கேட்டது

செவலை மழைக்காலம் முழுக்க இருந்தது. சாப்பிட்டுக்கொண்டு இருந்தது, அதுதான் முக்கியம். கடைசி நாள் காலையில்கூட நெத்திலியில் இரண்டைத் தின்றுவிட்டு, தறிக்கூடத்து நூல் மூட்டைமேல் ஏறிப் படுத்தது. பிறகு எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி மிச்ச மாத்திரைகளை ஒரு பையில் போட்டு எங்களிடம் திருப்பிக் கொடுக்க வந்தார். வேறு பூனைக்கு ஆகுமே என்றார்.

டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்றார். அண்ணாச்சி பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இந்த வாந்தி மாத்திரையும் பசி மாத்திரையும் மனுசருக்கு உள்ளதுதானம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் டாக்டரம்மா. "புத்துநோய் வந்தவகளுக்கும் கொடுப்பாகளா?" கொடுப்பார்கள் என்று சொன்ன பிறகுதான் டாக்டரம்மாவுக்குக் கேள்வி எங்கே போகிறது என்று தெரிந்தது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அண்ணாச்சியின் குரல் ஏறவில்லை. தறியின் பாவு நூலில் எந்த இடத்தில் இழை அறுந்தது என்று தேடுகிறவர்போல நிதானமாகப் பேசினார்:

"பெரிய ஆஸ்பத்திரியில இனிமே செய்யதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னாக. நானும் ஒண்ணுமில்லன்னே நெனச்சேன். கஞ்சியைக் கொண்டுபோனா ஓங்கரிப்பா. திமிருன்னு ஏசுவேன் அவளை. இந்த மாத்திரைய அவளுக்கு ஏம்மா ஒருத்தரும் எழுதலை?"

அருணாசலம் வீட்டு வாசல்

அண்ணாச்சி அந்தக் கேள்வியோடு விடவில்லை. அருணாசலத்தின் மனைவி செண்பகத்துக்கும் இப்போது அதே நோய். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள், சோறு இறங்காமல் வீட்டில் படுத்திருக்கிறார். அவருக்கு எழுதிக் கொடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். மனிதர்களுக்கு நான் எழுதக்கூடாது, அது சட்டப்படி தப்பு என்றார் அவர். ஆனால் வலியையும் வாந்தியையும் அடக்குவதற்கென்றே மனித டாக்டர்கள் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு எங்கே என்று கேட்டுப் போகச் சொல்லுங்கள் என்று விவரமாகச் சொன்னார். "நீரும் வாரும் கம்பவுண்டரே. நான் சொன்னா நம்ப மாட்டான்" என்று அண்ணாச்சி என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அருணாசலம் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். தறிக்கூடத்தில் பார்த்த வேடிக்கைப் பேச்சு அவரிடம் இல்லை. முகத்தில் பல நாள் தாடி. அண்ணாச்சி சொல்ல ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குப் போ, இந்த மாதிரி மாத்திரை இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள், சாப்பாடு இறங்கும். "யாரு சொன்னா?" என்றார் அருணாசலம். அண்ணாச்சி என்னைக் காட்டினார். அருணாசலம் என் சட்டையைப் பார்த்தார். அதில் காலையில் வைத்தியம் பார்த்த மாட்டின் சாணம் காய்ந்திருந்தது. "மாட்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரா?" என்றார். "நல்லா இருக்குவே. பெரிய பெரிய டாக்டரெல்லாம் கையை விரிச்சாச்சு. நீரு பூனைக்குப் போட்டதை என் பொண்டாட்டிக்குப் போடச் சொல்லுதீரு. அவ மனுசி வே, மனுசி! போயி ஒம்ம சோலியப் பாரும்."

அண்ணாச்சி படியிறங்கவில்லை. "நானும் டாக்டர் கையை விரிச்சாச்சுன்னு நெனச்சு ஒருத்தியைப் பட்டினியாக் கொன்னேன்" என்றார். அருணாசலம் கதவைச் சாத்தப் போனார். அப்போது உள்ளேயிருந்து, கட்டிலிலிருந்து, மெலிந்த குரல் வந்தது. எங்கள் பேச்சு முழுவதையும் செண்பகம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்:

"ஏங்க, கதவைச் சாத்தாதீய. அந்தப் பூனை தின்னுச்சான்னு கேளுங்க."

சங்கரன்கோவிலில் கடைசி நாட்களில் இரண்டு வாய் ருசித்துத் தின்றுவிட்டுப் போக வேண்டுமென்றால் பூனையாகப் பிறந்திருக்க வேண்டும். அந்தக் கொடுப்பினை இல்லாதவர்கள் பூனை வளர்த்தவருக்குத் தெரிந்தவராகவாவது இருக்க வேண்டும்.